பொன்னிருக்கையும் வாக்குப் பெட்டியும்

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் குஜராத்திப் பெரியவர் ஒருவர் வாழ்கின்றார். 1972-ஆம் ஆண்டில் இடி அமீன் ஆசியரை உகாண்டாவினின்றும் துரத்தியபோது, கம்பாலா நகரில் வைத்திருந்த துணிக்கடையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பெட்டிகளோடு இந்தியா வந்து சேர்ந்த குடும்பம் அது. அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. மாலை வேளைகளில் வாயிற்படி அருகே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். சங்கத்துக்குச் செல்லும் வழியில் அவரோடு சில நிமிடங்கள் பேசிவிட்டுப் போவது என் வழக்கம். சென்ற மாதம் ஒருநாள் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இவர்தாம் எங்கள் ராஜா" என்றார். புகாண்டா மன்னரின் படம் அது.

என்னுடன் வந்த இளைஞர் நம் சங்க நூலகத்தைக் கவனித்துக் கொள்பவர். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாதாஜி, குடியாட்சிக் காலத்தில் ராஜாவா? நம் நாட்டில் 1971-லேயே மன்னர் மானியத்துக்கு முடிவு கட்டிவிட்டார்களே!" என்றார். பெரியவர் கோபித்துக் கொள்ளவில்லை. "ஆம், இங்கே ராஜாக்களின் பட்டத்தைப் பறித்தீர்கள், அவர்கள் தேர்தலில் நின்று மந்திரியானார்கள். அங்கே பட்டத்தை விட்டு வைத்திருக்கிறார்கள். தேர்தலில் மட்டும் நிற்கக் கூடாது என்கிறார்கள். எது மேல் என்று நீ சொல்" என்றார். இளைஞர் விடையிறுக்கவில்லை. நானும்தான். வீடு திரும்பிய பின் அக்கேள்வி என்னை விடாமல் தொடர்ந்தது. அதன் பயனே இம்மாதப் பகுதி.

அன்பர்களே, ஆப்பிரிக்க மன்னர் என்றவுடன் புலித்தோலும் ஈட்டியும் நம் கண்முன் தோன்றுகின்றன. சினிமாக்காரர்கள் செய்த வேலை அது. உண்மையில் அம்மன்னருள் வழக்கறிஞராய் இருந்தவர் உண்டு. ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கே தலைவராய் இருந்துவிட்டு அரியணை ஏறியவரும் உண்டு. அவர்களுடைய அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய வேண்டுமாயின் முதலில் இந்துமாக் கடலில் உள்ள ஒரு சிறு தீவுக்கு நாம் செல்ல வேண்டும்.

செய்ஷெல்ஸ் தீவுகளை நம்மில் பலர் அறிவர். தமிழ் வணிகர் நெடுங்காலத்துக்கு முன்னரே சென்று கடை வைத்த இடம். ஆங்கிலேயர் அத்தீவுகளை வேறொரு காரியத்துக்கும் பயன்படுத்தினர். தமக்குப் பணியாத மன்னரைச் சிறை வைக்க அதைவிடத் தனிமையான இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கண்டி மன்னரை வேலூருக்கும், தில்லிப் பாதுஷாவை இரங்கூனுக்கும் அனுப்பிய அதே கை, 1899-இல் புகாண்டாவின் முவாங்காவையும் புன்யோரோவின் கபலேகாவையும் பிடித்துச் செய்ஷெல்ஸுக்கு அனுப்பியது. மறு ஆண்டு, ஆப்பிரிக்காவின் மறு கோடியில் மேற்குக் கரையை ஆண்ட அசாந்தி மன்னர் முதலாம் பிரெம்பேயும் அங்கே வந்து சேர்ந்தார். கண்டத்தின் இரு புறங்களில் இருந்து மூன்று அரசர் ஒரே தீவில்! முவாங்கா 1903-இல் அங்கேயே மாண்டார். பிரெம்பே இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்.

பிரெம்பேயின் கதையை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். இன்றைய கானா நாட்டின் நடுப்பகுதியே அசாந்தி. தலைநகர் குமாசி. 1701-ஆம் ஆண்டில் ஒசேய் டூட்டு என்னும் மன்னர், சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்று திரட்டி, தம்மை அடக்கியாண்ட டெங்கிரா அரசை வென்றார். அவருக்குத் துணை நின்ற பூசாரி ஆக்கோம்ஃபோ அனோச்சே வானத்தினின்றும் ஒரு பொன்னிருக்கையை இறக்கி மன்னரின் மடியில் அமர்த்தினார் என்பது அம்மக்களின் நம்பிக்கை. ஒரு வெள்ளிக்கிழமை அது இறங்கியதாகக் கூறுவர். அதனால் வெள்ளியன்று பிறந்த ஆண்மகனுக்கு இடும் 'கோஃபி' என்ற பெயரே அதற்கும் உண்டு. அதில் எவரும் அமர்வதில்லை, மன்னரும் அமர்வதில்லை. நிலத்தில் படாமல், அதற்கென ஒரு தனி ஆசனத்தில் அது வீற்றிருக்கும். அசாந்தி மக்கள் அனைவருடைய உயிரும் அதனுள் உறைகின்றது என்பர். மன்னர் அதன் காவலர் மட்டுமே. இதனை நாம் மனத்தில் இருத்திக் கொண்டால் பின்னால் நடந்தவை எல்லாம் விளங்கும்.

1874-இல் ஆங்கிலப் படை குமாசியைக் கொளுத்தி, அரண்மனைப் பொன்னை வாரிக் கொண்டு போயிற்று. ஐம்பதினாயிரம் அவுன்சு பொன் தண்டமாகவும் கேட்டது. 1896-இல் மீண்டும் வந்தது. பிரெம்பே போர் செய்யவில்லை. மக்களின் அழிவைத் தவிர்க்க, தாயாருடனும் உற்றாருடனும் சிறை புகுந்தார். பொன்னிருக்கையை மட்டும் மறைத்து வைக்கச் செய்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1900 மார்ச்சில், கவர்னர் ஹாட்சன் குமாசிக்கு வந்து தலைவர்களைக் கூட்டினார். பொன்னிருக்கை எங்கே, அதை ஏன் எனக்கு அமர்வதற்குக் கொண்டுவரவில்லை என்று கேட்டார். சபை மௌனமாகக் கலைந்தது. சில நாட்களில் போர் மூண்டது. எஜிசுவின் அரசியன்னையாகிய யா அசாந்தேவா என்னும் முதியவள் அப்போருக்குத் தலைமை தாங்கினாள். கவர்னரும் அவருடைய ஆட்களும் கோட்டைக்குள் அடைபட்டுப் பட்டினி கிடந்தனர். முடிவில் துப்பாக்கியே வென்றது. யா அசாந்தேவாவும் செய்ஷெல்ஸுக்கே அனுப்பப்பட்டு 1921-இல் அங்கே காலமானாள். ஆயினும் எதற்காகப் போர் மூண்டதோ அந்த இருக்கை ஆங்கிலேயர் கையில் அகப்படவே இல்லை. இருபது ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தது. சாலை போட்ட கூலியாட்கள் தற்செயலாக அதைத் தோண்டி எடுத்தனர்; சிலர் அதன் அணிகளைப் பெயர்த்து விற்றும் விட்டனர். செய்தி பரவியதும் நாடே துக்கம் காத்தது. இம்முறை சர்க்கார் அறிவோடு நடந்து கொண்டது. இருக்கையை நாங்கள் கேட்கமாட்டோம் என்று அறிவித்தது. திருடியவர்களை நாடு கடத்தியது. நாற்காலிக்காக ஒரு போர், அதே நாற்காலியைத் தொடாததனால் ஓர் அமைதி.

1924-இல் பிரெம்பே ஊர் திரும்பினார். ஆனால் அரசராக அன்று, ஒரு சாதாரண குடிமகனாக. இரண்டாண்டுகளில் குமாசிக்கு மட்டும் தலைவர் என ஒப்புக் கொண்டனர். முழு அசாந்தி அரசும் 1935-இல்தான், அவருக்குப் பின் வந்த இரண்டாம் பிரெம்பேயின் காலத்தில், மீண்டும் அமைக்கப்பட்டது.

இடையே ஒரு சிறு செய்தி. கானாவில் மன்னர் தம் குடையின் கீழ் அமர்ந்து குடிகளைக் காணும் பெருங்கூட்டத்துக்கு அவர்கள் இடும் பெயர் 'தர்பார்' என்பதாகும். நம் நாட்டிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுபோய் அங்கே விதைத்த சொல் அது. விதைத்தவர் போய்விட்டார், சொல் நன்றாக வேர் பிடித்துவிட்டது.

1957-இல் கானா விடுதலை பெற்றது. முதல் தலைவர் நிக்ருமாவுக்கு இம்மன்னர்களைக் கண்டால் ஆகாது. தம் கட்சிக்கு எதிராகக் குமாசியில் கிளம்பிய இயக்கத்துக்கு அவர்கள் ஆதரவளித்தனர் என்பது அவர் குற்றச்சாட்டு. அதில் உண்மையும் இருந்தது. சட்டங்களால் அவர்களுடைய சிறகுகளை நறுக்கினார். 1966-இல் அவரே வீழ்ந்தார். அதன்பின் வந்த படையாட்சிகளையும் குடியாட்சிகளையும் தாண்டி மன்னர்கள் அப்படியே இருந்தனர். 1992-ஆம் ஆண்டு அரசியற் சட்டம் இதற்கு ஒரு முடிவான ஏற்பாட்டைச் செய்தது. தலைவர் பதவி என்றென்றும் நிலைக்கும். எந்தச் சர்க்காரும் ஒரு தலைவருக்கு அங்கீகாரம் அளிக்கவோ மறுக்கவோ சட்டம் இயற்றலாகாது. ஆனால் தலைவராய் இருப்பவர் கட்சி அரசியலில் இறங்கலாகாது, பாராளுமன்றத்துக்கும் நிற்கலாகாது. நிற்க விரும்பினால் இருக்கையை விட்டு இறங்க வேண்டும். நம் குஜராத்திப் பெரியவர் சொன்னது இதைத்தான்.

அங்ஙனமாயின் மன்னரைத் தட்டிக் கேட்பார் எவரும் இல்லையோ என்று வினவலாம். உண்டு. அசாந்தியில் பட்டம் தந்தை வழியில் செல்வதன்று, தாய்வழியில் செல்வது. அரசியன்னையே பட்டத்துக்கு உரியவரை முன்மொழிவார். பெரியோர் ஏற்றுக் கொள்ள வேண்டும். ஏற்ற தலைவர் சத்தியம் செய்து கொடுப்பார். அதை மீறினால், முறைப்படி குற்றம் சாட்டி விசாரித்து இறக்கவும் செய்வர். இறக்குவதன் அடையாளம் மிக எளியது: காலணியைக் கழற்றிவிடுவர். தலைவரின் வெறுங்கால் மண்ணில் பட்டதென்றால் அவர் தலைவர் அல்லர்.

இவற்றால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்பவர்க்கு நான் டக்போன் வழக்கையே எடுத்துக் காட்டுவேன். டக்போன் என்பது கானாவின் வடக்கே உள்ள பழைய அரசு. அங்கே மன்னர் இருக்கையில் அன்று, தோலின்மீது அமர்வார். யா நா என்பது அவர் பட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு மன்னரின் இரு புதல்வர் வழியாக அபுது, அந்தானி என இரு கிளைகள் தோன்றின. முறை வைத்துப் பட்டம் ஏறி வந்தன. இருபதாம் நூற்றாண்டில் அம்முறை குலைந்தது. கட்சிகள் புகுந்தன. தில்லியில் ஆட்சி மாறினால் ஊரில் நாட்டாண்மை மாறுவது நமக்குத் தெரியாததா? அதுவே அங்கும் நடந்தது. 1974-இல் அபுது கிளையைச் சேர்ந்த மன்னரைப் பட்டத்தினின்றும் இறக்கினர். அவர் 1988-இல் இறந்தபோது, மன்னருக்குரிய ஈமச் சடங்கைப் பழைய அரண்மனையில் செய்ய அக்கிளை கோரியது. பட்டத்தில் இருந்த அந்தானிக் கிளை மறுத்தது. கொள்ளி வைத்தவனுக்கே உரிமை என்று நம் ஊரிலும் சொல்வதுண்டு அல்லவா? அங்கும் சடங்கு நடந்துவிட்டால் அவர் மன்னராகவே மாண்டார் என்றாகிவிடும். அவர் மக்களுக்கும் உரிமை பிறந்துவிடும்.

2002 மார்ச்சில் யெண்டி நகரில் இரு கிளைகளும் மூன்று நாள் போரிட்டன. மன்னர் இரண்டாம் யாக்குபு அந்தானியையும் அவரைச் சேர்ந்த பலரையும் கொன்றனர். அரண்மனை தீக்கிரையாயிற்று. விசாரணைக் குழு அமைந்தது, நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது, பகை ஆறவில்லை. அரசாங்கத்தை இரு தரப்பாரும் நம்பவில்லை. ஒரு கட்சி ஆட்சிக்கு வந்தால் ஒரு கிளையும், மற்றது வந்தால் மறு கிளையும் மார்தட்டிக் கொண்டன. இந்நிலையில் குடியரசுத் தலைவர் ஒரு முடிவு செய்தார். மூன்று பெரிய மன்னர்களிடம் வழக்கை ஒப்படைத்தார். அம்மூவர்க்கும் தலைவராய் அமர்ந்தவர் 1999-இல் அசாந்திப் பட்டம் ஏறிய ஒட்டும்ஃபுவோ இரண்டாம் ஒசேய் டூட்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேடிக்கை என்பதைவிட வேதனை எனலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் இதே அசாந்தி அரசு டக்போனை வென்று, ஆண்டுதோறும் அடிமைகளைத் திறையாக வாங்கியது. பொன்னிருக்கையின் பெருமையைப் பாடுவோர் இதைச் சொல்லாமல் விடுவது வழக்கம். நான் விட விரும்பவில்லை. அடிமை கொண்ட அரசின் வாரிசினிடமே அடிமை தந்த நாட்டார் நியாயம் கேட்டு வந்தனர். ஏன் வந்தனர்? அவருக்கு வாக்குத் தேவையில்லை. நான்காண்டுக்கொரு முறை அவர் எவரிடமும் கை கூப்ப வேண்டியதில்லை. சடங்கின் அருமையும் அவருக்குத் தெரியும். நீதிபதிக்குச் சடங்கு ஒரு சாட்சியம். மன்னருக்கோ அது உயிர்.

அவர்களும் அவசரப்படவில்லை. 2006-இல்தான் கொலையுண்ட மன்னரின் உடல் அடக்கமாயிற்று. அதன்பின் பேச்சு, இடையில் முறிவு, மீண்டும் பேச்சு எனப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 2018 நவம்பரில் தீர்ப்பு வந்தது: இரு மன்னர்களுக்கும் முறையே ஈமச் சடங்குகள் நடைபெறும், முதலில் 1988-இல் இறந்தவருக்கு, பின்னர் 2002-இல் மாண்டவருக்கு. அந்த மார்கழியிலும் தையிலும் இரண்டும் அமைதியாக நடந்து முடிந்தன. 2019 ஜனவரியில் புதிய யா நா தோலின்மீது அமர்ந்தார். பதினேழு ஆண்டுகள்! பொறுமையற்றவர்க்கு இது நீண்ட காலமாகத் தோன்றலாம். அடக்கமாகாமல் ஒரு பிரேதமும், ஆறாமல் ஒரு பழியும் கிடந்த ஊருக்கு அது நீண்ட காலம் அன்று.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம், அது நிலம். கானாவின் நிலத்தில் மிகப் பெரும்பகுதி தனியாருக்கும் சர்க்காருக்கும் சொந்தமன்று. அது இருக்கைக்குச் சொந்தம். அதாவது இறந்தோர்க்கும், இருப்போர்க்கும், இனிப் பிறப்போர்க்கும் பொது. தலைவர் அறங்காவலர். கோயில் நிலத்தைத் தர்மகர்த்தா பார்த்துக் கொள்வது போன்ற ஏற்பாடு எனலாம். தர்மகர்த்தா எல்லோரும் தர்மத்தைக் காப்பவர் அல்லர் என்பதை நம்மவர்க்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்நிலங்களின் வருவாயை எப்படிப் பங்கிடுவது என்பதை அரசியற் சட்டமே வகுத்திருக்கிறது. நூறு ரூபாய் வருவதாகக் கொள்வோம். பத்து ரூபாய் நிர்வாகச் செலவு. எஞ்சிய தொண்ணூறில் கால் பங்கு, அதாவது 22 ரூபாய் 50 காசு, இருக்கையின் பராமரிப்புக்கு. ஐந்தில் ஒரு பங்கு, 18 ரூபாய், தலைவர் மன்றத்துக்கு. மிச்சம் 49 ரூபாய் 50 காசு மாவட்டச் சபைக்கு. பள்ளிக்கூடமும் குடிநீரும் அதிலிருந்து வர வேண்டும். ஏட்டில் இது அழகாக இருக்கிறது. நடைமுறையில் இன்னொரு கணக்கு உண்டு. ஒருவருக்கு நிலம் கொடுக்கும்போது அவர் தலைவருக்கு ஒரு புட்டி மது கொண்டுவந்து வணங்குவது பழைய மரபு. நம் வெற்றிலை பாக்கு போல. அந்தப் புட்டி நாளடைவில் பணமாயிற்று. 'பானக் காசு' என்று பெயர் மட்டும் நின்றது. குமாசியைச் சுற்றி நகரம் வளர வளர, ஒரு மனைக்கான பானக் காசு நிலத்தின் விலையையே எட்டிவிட்டது. இது வருவாய் அன்று, வணக்கம். ஆகையால் நூறு ரூபாய்க் கணக்கில் வருவதில்லை! தலைமுறை தலைமுறையாகக் கிழங்கும் சோளமும் பயிரிட்ட குடியானவர்கள் ஒரு காலையில் எழுந்து பார்க்கும்போது தம் வயலில் எல்லைக் கற்களைக் கண்டதுண்டு. பெரும்பாலும் பெண்களே அவ்வயல்களில் உழைப்பவர்கள். தலைவர் தேர்தலில் நிற்பதில்லை என்பது டக்போனில் நன்மையாயிற்று. இங்கே அதுவே தீமை. அவரை வாக்கால் இறக்க முடியாது. ஊரில் சிலர் திரண்டு காலணியைக் கழற்றச் சொன்ன நிகழ்ச்சிகளும் உண்டு. எனினும் அது எளிதன்று. கானாவின் மன்னர் முறையை மெச்சுவோர் இந்தப் பானக் காசுக்கு என்ன விடை வைத்திருக்கின்றனர் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

நம் பெரியவரின் புகாண்டாவுக்கு வருவோம். அங்குள்ள மன்னருக்குக் 'கபாக்கா' என்று பட்டம். 1953-இல் கபாக்கா இரண்டாம் மூட்டேசாவை ஆங்கிலக் கவர்னர் இலண்டனுக்கு நாடு கடத்தினார். மன்னர் திரும்பும் வரை சவரம் செய்துகொள்வதில்லை என ஆடவர் பலர் தாடி வளர்த்தனர். 1955-இல் மன்னர் திரும்பி வந்தார். 1962-இல் உகாண்டா விடுதலை பெற்றது. மறு ஆண்டு அவரையே குடியரசுத் தலைவர் ஆக்கினர். இதைவிடப் பெரிய தவறு வேறொன்றில்லை என்பது என் கருத்து. புகாண்டா முன்னொரு காலத்தில் பெற்ற இரு மாவட்டங்களைப் புன்யோரோ திருப்பிக் கேட்டது. 1964-இல் மக்கள் வாக்களித்துப் புன்யோரோவின் பக்கம் சென்றனர். நாட்டின் தலைவர் என்ற முறையில் அதற்கு ஒப்பமிட வேண்டியவர் மூட்டேசா. புகாண்டாவின் மன்னர் என்ற முறையில் ஒப்பமிட முடியாதவரும் மூட்டேசா. ஒருவர் இரு ஆசனங்களில் அமர்ந்தால் நடுவில் விழுவார். 1966 மே மாதத்தில் பிரதமர் ஒபோட்டேயின் படை மெங்கோ அரண்மனையைத் தாக்கியது. அப்படையை நடத்திச் சென்றவர் இடி அமீன். மன்னர் தப்பி இலண்டன் சேர்ந்து 1969-இல் காலமானார். 1967-இல் உகாண்டாவின் அரசுகள் அனைத்தும் ஒழிக்கப்பட்டன.

"குன்றின்மேல் புகை எழுந்ததை எங்கள் கடை வாசலில் நின்று பார்த்தேன்" என்றார் பெரியவர். "அன்று எங்கள் கடைத் தையற்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. ராஜாவையே தாக்கியவர்கள் நம்மை விடுவார்களா என்று என் தந்தை கேட்டார். ஆறு ஆண்டில் விடை கிடைத்தது."

இருபத்தாறு ஆண்டுகள் அரியணை வெறுமையாயிருந்தது. "எங்களுடையவை எங்களுக்கு வேண்டும்" என்று மக்கள் கேட்டுக் கொண்டே இருந்தனர். 1993-இல் சர்க்கார் இசைந்தது. மூட்டேசாவின் மைந்தர் முட்டேபி ஜூலை 31 அன்று முடிசூடினார். இரண்டு ஆண்டுகளில் வந்த அரசியற் சட்டம் அவரைப் 'பண்பாட்டுத் தலைவர்' என்று வரையறுத்தது. வரி வாங்கலாகாது, எவரையும் வற்புறுத்திப் பணிய வைக்கலாகாது, கட்சி அரசியல் கூடாது. அவருடைய பிறந்தநாள் ஓட்டத்துக்கு ஆண்டுதோறும் கம்பாலாவில் திரளும் கூட்டம் எய்ட்ஸ் நோய் ஒழிப்புக்கு நிதி சேர்க்கிறது. ஆனால் பண்பாடு எங்கே முடிகிறது, அரசியல் எங்கே தொடங்குகிறது என்று யார் கோடு கிழிப்பது? 2009 செப்டம்பரில் தம் அரசின் எல்லைக்குட்பட்ட கயுங்கா மாவட்டத்துக்கு மன்னர் செல்வதைச் சர்க்கார் தடுத்தது. கலகம் மூண்டது, துப்பாக்கிகளுக்குப் பலர் இரையாயினர், அரசின் வானொலி நிலையம் ஓராண்டுக்கு மேல் மூடப்பட்டது. அதிகாரமே இல்லாத ஒருவரின் பயணத்தைக் கண்டு படை வைத்திருப்பவர் அஞ்சினார். மறு ஆண்டு மார்ச்சில் கபாக்காக்களின் கசூபி சமாதி தீப்பற்றி எரிந்தது; உலகப் பாரம்பரியச் சின்னம் அது. மீண்டும் எழுப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

மன்னரின் வாய்ச்சொல் மருந்தாகப் பயன்பட்ட இடங்களும் உண்டு. நைஜீரியாவின் வடபகுதியில் 2003-இல் இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்து மலட்டுத் தன்மையை உண்டாக்கும் என வதந்தி பரவியது. கானோ முதலிய மாநிலங்கள் மருந்தையே நிறுத்தின. நோய் பல நாடுகளுக்குப் பரவியது. டாக்டர்கள் சொன்னது செவியேறவில்லை. 2009-இல் சொக்கோட்டோ சுல்தானின் தலைமையில் வடபகுதி மன்னர்கள் குழு அமைத்து, தம் கீழுள்ள ஊர்த் தலைவர்களை வீடு வீடாக அனுப்பினர். 2020 ஆகஸ்டில் ஆப்பிரிக்கா அந்நோயின் இயற்கைக் கிருமியினின்றும் விடுபட்டது எனச் சான்று கிடைத்தது. மாலாவி நாட்டில் தெரசா கச்சிந்தமோட்டோ என்னும் பெண் தலைவர், ஒரு கல்லூரியில் செயலாளராய்ப் பணியாற்றிக் கொண்டிருந்தவர், தலைமை ஏற்ற பின் நூற்றுக்கணக்கான குழந்தை மணங்களை ரத்துச் செய்து சிறுமிகளைப் பள்ளிக்கு அனுப்பினார். அத்தகைய மணங்களுக்கு இடமளித்த தம் கீழ்த் தலைவர்களைப் பதவி நீக்கினார்.

அதே நைஜீரியாவில் கானோவின் எமீர் பட்டமோ மாநில கவர்னரின் கையில் சிக்கியது. மத்திய வங்கித் தலைவராய் இருந்த சனுசி 2014-இல் எமீர் ஆனார், 2020-இல் இறக்கப்பட்டார், 2024-இல் வேறொரு கட்சி ஆட்சியில் மீண்டும் ஏற்றப்பட்டார். முன்னவர் விலக மறுக்கவே, ஒரே நகரில் இருவர் எமீர் என்று வீற்றிருக்க, நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று முரணாக ஆணையிட்டன. கானாவில் சர்க்காருக்கு இல்லாத அந்த அதிகாரம் இங்கே இருப்பதன் பலன் இது. இன்னொரு கோடியில் எஸ்வாட்டினி. அங்கே 1973 முதல் மன்னரே சகலமும். 2021-இல் குடியாட்சி வேண்டிக் கிளர்ந்தவர்களில் பலர் சுடப்பட்டு மாண்டனர். அந்நாட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. மன்னர் வாக்குக்கு மேலே நிற்பது வேறு. வாக்கையே மிதிப்பது வேறு.

இவ்வளவும் பெரியவரிடம் சொன்னபோது அவர் குமாசியின் பொன்னைப் பற்றித்தான் மீண்டும் மீண்டும் கேட்டார். 1874-இல் கொண்டுபோன பொன் என்னவாயிற்று? சொன்னேன். 2024-ஆம் ஆண்டு அச்சூறையின் நூற்றைம்பதாம் ஆண்டு. பிரெம்பே திரும்பியதன் நூற்றாண்டு. இப்போதுள்ள மன்னர் பட்டமேறிய வெள்ளி விழாவும் கூட. அவ்வாண்டில் இலண்டனின் இரு பெரிய அருங்காட்சியகங்கள் முப்பத்திரண்டு பொருள்களைக் குமாசியின் மன்ஹியா அரண்மனைக்கு அனுப்பி வைத்தன. கானா சர்க்காருடன் அன்று, மன்னருடனேயே ஒப்பந்தம் செய்தன. கொடுக்கவில்லை, மூன்றாண்டுக்குக் கடனாக அனுப்பின.

"கடனா?" என்று நிமிர்ந்தார் அவர். "யார் பொருளை யார் யாருக்குக் கடன் கொடுப்பது?"

தம் பொருள்களை நிரந்தரமாகக் கொடுத்துவிட ஆங்கில நாட்டுச் சட்டம் அவ்விரு காட்சியகங்களுக்கும் இடம் தருவதில்லை என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். ஏற்றுக் கொண்டதாகத் தெரியவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள ஒரு காட்சியகம், தன்னிடமிருந்த ஏழு பொருள்களை எந்த நிபந்தனையும் இன்றி அதே மன்னரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது என்றேன். "ஏழு" என்று விரல் விட்டு எண்ணிக் கொண்டார். அதற்குள் நூலக இளைஞர் படியிறங்கி வந்தார். சங்கக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.